நான்கு முறை நின்ற ஆம்ப், எரிந்துபோன இரண்டு ஹார்ன்: ஒரு நிகழ்வு ஆய்வு

அது ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சி. மேடையிலிருந்து கடைசி வரிசைக்கு 40 மீட்டர். மிக்சர் மைதானத்தின் நடுக்கோட்டில், மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தது. மிக்சரில் இருந்தது நான்தான். இரண்டரை மணி நேரத்தில் சப் பாக்ஸ்களை (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டிகளை) ஓட்டிய ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், நான்கு முறை ப்ரொடெக்ட் ஆகி (தன்னைக் காக்கத் தானே அணைந்து) நின்றது. கடைசி அரை மணி நேரம் மேடையின் இடப்பக்கம் போர்வை போர்த்தியதுபோல் மந்தமாகிவிட்டது. பாடகரின் சொற்கள் அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. பெட்டிகளைத் திறந்தபோது இடப்பக்க டாப் (பாஸுக்கு மேலுள்ள ஒலிகளுக்கான பெட்டி) இரண்டிலும் ஹார்னின், அதாவது உயர்ந்த ஒலிகளைத் தரும் பகுதியின், காயில் கருகியிருந்தது. மீட்டரில் ஓப்பன், அதாவது கம்பி அறுந்தது, என்று காட்டியது.

"ஆம்ப் பத்தலை, இன்னும் பெரிய ஆம்ப் வேணும்" என்பதுதான் அன்றிரவு எல்லோரும் சொன்னது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் ஒவ்வொரு கேபிளாக, ஒவ்வொரு பாக்ஸாக எடுத்துச் சோதித்த பிறகுதான் தெரிந்தது, வாட் குறைவு இந்தக் கதையில் மிகப் பின்னால் வருகிற விஷயம் என்று. அதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இருந்த சாமான்

டாப் பாக்ஸ் நான்கு: ஒவ்வொன்றும் 8 ஓம் (கரண்டுக்குக் காட்டும் தடை), 12 அங்குல கோனும் ஒரு ஹார்னும், தொடர்ச்சியாகத் தாங்கும் சக்தி 300 வாட், சென்சிட்டிவிட்டி (1 வாட்டுக்கு 1 மீட்டரில் வரும் சத்தம்) 97 டெசிபல். பக்கத்துக்கு இரண்டு. சப் இரண்டு: 8 ஓம், 18 அங்குலம், 500 வாட். பக்கத்துக்கு ஒன்று, இடையே 12 மீட்டர். ஒரே மாடலில் இரண்டு ஆம்ப்: சேனலுக்கு 8 ஓமில் 350 வாட், 4 ஓமில் 550 வாட். சேனலுக்குக் குறைந்தபட்சம் 4 ஓம், பிரிட்ஜில் போட்டால் (இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால்) குறைந்தபட்சம் 8 ஓம் என்று பின்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது.

மதியம் நாங்கள் முதலில் இணைத்த விதத்தில் ஓம் கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஒரு ஆம்பில் சேனலுக்கு இரண்டு டாப், அதாவது 4 ஓம். இன்னொன்றில் சேனலுக்கு ஒரு சப், 8 ஓம். சப்புக்கு மிக்சரின் ஆக்ஸிலிருந்து (துணை வெளியீட்டிலிருந்து) தனி வழி. டாப்களுக்கு ஹைபாஸ் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) எதுவும் போடவில்லை. அது ஒரு குறைதான், ஆனால் அதனால் மட்டும் எதுவும் எரிந்திருக்காது.

சவுண்ட் செக்கில் பாஸ் இல்லை. ஆக்ஸை ஏற்றினேன், அப்போதும் இல்லை. 10 டெசிபல் ஏற்றிய பிறகும் மிக்சரில் கிக் டிரம் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல்தான் கேட்டது. அப்போது மைதானத்தின் ஓரத்தில் கம்பி இழுத்துக்கொண்டிருந்த உதவியாளர் கத்தினார்: "அண்ணா, இங்க பாஸ் நெஞ்சுல அடிக்குது, கொஞ்சம் குறைங்க!" அவர் பாக்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறார், அதனால்தான் அப்படி என்று நினைத்துவிட்டேன். அவர் சொன்னதை அப்போதே நின்று யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்தடுத்து இரண்டு முடிவுகள் எடுத்தோம். "சப் ஆம்பை பிரிட்ஜ் பண்ணிட்டா இரண்டு மடங்கு வரும்" என்று ஒருவர் சொன்னார், சரி என்றேன். இரண்டு சப்பையும் பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்து, பிரிட்ஜ் செய்த ஆம்பில் மாட்டினோம். அப்புறம் மேடையில் இருப்பவர்கள் தங்களுக்கு ஒலி கேட்கவில்லை என்றார்கள். ஓரத்தில் வைக்க 8 ஓம் பாக்ஸ் இரண்டு கைவசம் இருந்தன. டாப் பாக்ஸின் பின்னால் லிங்க் சாக்கெட் காலியாக இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக அதிலேயே மாட்டிவிட்டோம்.

ஓம் எங்கே போனது

பாக்ஸின் பின்னால் இருக்கிற லிங்க் சாக்கெட் பேரலல் இணைப்பு. மாட்டுவது எளிது, எந்த எச்சரிக்கையும் தராது, அதுதான் ஆபத்து. 8 ஓம் பாக்ஸ் ஒன்று 8, இரண்டு 4, மூன்று 2.67, நான்கு 2. மேடைக்காரர்களுக்காகச் சேர்த்த ஒரு பாக்ஸ், டாப் ஆம்பின் சேனலை 4 ஓமிலிருந்து 2.67 ஓமுக்கு இறக்கிவிட்டது. ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிக கரண்ட் தரவேண்டும். பவர் சப்ளை தொய்கிறது, ஹீட்சிங்க் சூடாகிறது, வழக்கத்தைவிட முன்னதாகவே கிளிப் ஆகிறது, அதாவது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது.

சப் ஆம்பின் நிலைமை இதைவிட மோசம். பிரிட்ஜில் இரண்டு சேனல்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஒரே லோடைத் தள்ளி இழுக்கின்றன. அதனால் ஒவ்வொரு சேனலும் அந்த லோடில் பாதியைத்தான் பார்க்கும். இரண்டு சப் பேரலலில் 4 ஓம், பிரிட்ஜில் ஒரு சேனலுக்கு 2 ஓம். 8 ஓமில் 350 வாட் தருகிற சேனல் சுமார் 53 வோல்ட் தரும். பிரிட்ஜில் அது 106 வோல்ட். 4 ஓமில் 106 வோல்ட் என்றால் 26.5 ஆம்பியர். அந்த ஆம்பின் சேனல் 550 வாட் தரும்போது ஓடுவது 11.7 ஆம்பியர்தான். இரண்டு மடங்குக்கு மேல் கேட்டிருக்கிறோம். அது ப்ரொடெக்ட் ஆகி நின்றது பழுது இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. ஒருவேளை அந்த ஆம்ப் கேட்டதையெல்லாம் தந்திருந்தால் ஒவ்வொரு சப்புக்கும் 1,400 வாட் போயிருக்கும். பெட்டி தாங்குவது 500.

பிரிட்ஜ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு 8 ஓம் சப்புக்கு, அதன் தாங்கும் சக்திக்கு ஏற்ற ஆம்பாக இருந்தால் பிரிட்ஜ் சரியான வழி. ஆனால் "இரண்டு மடங்கு வரும்" என்பது லோடு எத்தனை ஓம் என்று பார்க்காமல் சொல்லக்கூடாத வாக்கியம்.

இதைத் தடுக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆம்பில் மாட்டுவதற்கு முன் கேபிளின் ஆம்ப் முனையில் அளந்தால் 8 ஓம் பாக்ஸ் ஒன்று 5.5 முதல் 6.5 ஓம் வரை காட்டும். மீட்டர் அளப்பது காயிலின் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) தடையை, அதனால் அச்சிட்ட எண்ணைவிடக் குறைவாகத்தான் வரும். இரண்டு இருந்தால் 3 ஓம் சுற்றி. 2 என்று காட்டினால் எங்கோ மூன்றாவது பாக்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் ஷார்ட். அரை நிமிட வேலை இது.

பாஸ் ஏன் இல்லை

மறுநாள் இரண்டு சப்பையும் அருகருகே வைத்து, ஒன்றை மட்டும் ஓட்டினேன். நல்ல பாஸ். இரண்டாவதையும் சேர்த்தேன். பாஸ் காணாமல் போனது. கோன்கள் இரண்டும் துள்ளுகின்றன, அறையில் ஒன்றும் இல்லை.

9 வோல்ட் பேட்டரியைக் கேபிளின் ஆம்ப் முனையில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். இடது சப்பின் கோன் வெளியே வந்தது. வலது சப்பின் கோன் உள்ளே போனது. கேபிளை மாற்றி மாட்டியதும் அதுவும் வெளியே வந்தது. வலப்பக்கத்துக்கு ஓடிய 30 மீட்டர் கேபிளில், எப்போதோ அறுந்து சரிசெய்த ஸ்பீக்கான் (ஸ்பீக்கர் கேபிளுக்கான கனெக்டர்) முனையில், 1 பிளஸும் 1 மைனஸும் இடம் மாறியிருந்தன. ஸ்பீக்கானைத் தவறான பக்கம் செருக முடியாது என்று நாம் நம்புகிறோம், அது உண்மை. ஆனால் உள்ளே கம்பியை மாற்றி முடுக்கியிருந்தால் அதற்குத் தெரியாது.

இப்போது உதவியாளர் சொன்னது முழுதாகப் புரிகிறது. ஒரு சப் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. இரண்டிலிருந்தும் சம தூரத்தில் இருக்கிற நடுக்கோட்டில் அவை ஒன்றையொன்று அழித்துவிடும். ஓரத்தில் தூரம் வேறுபடுவதால் அந்த அழிப்பு நடக்காது, சில இடங்களில் சேர்ந்து கூடக் கேட்கும். என் மிக்சர் சரியாக நடுக்கோட்டில். மைதானத்திலேயே பாஸ் மிகக் குறைவாக இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு பாஸை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். எவ்வளவு வாட் கொட்டினாலும் அங்கே அது வந்திருக்காது, இரண்டும் சமமாக ஏறி சமமாக அழிந்திருக்கும். கம்பி சரியாக இருந்திருந்தால் அதே நடுக்கோட்டில் ஒரு சப்பைவிட 6 டெசிபல் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பிரிட்ஜ் பற்றிய பேச்சே எழுந்திருக்காது.

ஆக, இந்த நிகழ்ச்சியில் எல்லாத் தவறுகளுக்கும் மூத்தது இரண்டு கம்பிகள் இடம் மாறியது.

ஹார்ன் எப்படி எரிந்தது

சப் நின்ற ஒவ்வொரு முறையும் பாஸை டாப்களில் ஈடுகட்டப் பார்த்தேன். 80 ஹெர்ட்ஸ் சுற்றி 9 டெசிபல் ஏற்றினேன். 9 டெசிபல் என்றால் அந்த இடத்தில் எட்டு மடங்கு வாட். பிறகு மாஸ்டரையும் 6 டெசிபல் ஏற்றினேன். 2.67 ஓமில் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த டாப் ஆம்பின் கிளிப் லைட் அணையவே இல்லை.

கிளிப் ஆகிற ஆம்ப் டிசி அனுப்பி ஸ்பீக்கரை எரிக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒழுங்காக இயங்கும் ஆம்பில் அப்படி நடப்பதில்லை. நடப்பது வேறு. ஆம்பின் வோல்டேஜுக்கு ஒரு கூரை இருக்கிறது. பாஸ் அலை பெரியது, கூரையில் முட்டி வெட்டுப்படுகிறது. அதற்கு மேல் மாஸ்டரை ஏற்றினால் பாஸ் வளர இடம் இல்லை. ஆனால் சிம்பல், ஹைஹேட், பாடகரின் 'ஸ' ஒலி எல்லாம் சின்ன அலைகள், கூரைக்கு வெகு கீழே இருப்பவை. அவை ஏற்றிய 6 டெசிபலையும் பெரும்பாலும் வாங்கிக்கொள்கின்றன. ஹார்னுக்குப் போகிற வாட் நான்கு மடங்கு. இதற்கு மேல், வெட்டுப்பட்ட பாஸிலிருந்து பிறக்கிற ஹார்மானிக்ஸும் (அதன் மடங்குகளான உயர்ந்த ஒலிகளும்) பாக்ஸுக்குள் இருக்கிற கிராஸ்ஓவர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைப் பிரிக்கும் சுற்று) வழியாக ஹார்னுக்கே போகிறது. முழுக்கக் கிளிப் ஆன அலை கிட்டத்தட்டச் சதுர அலை. அதே உயரமுள்ள சைன் அலையைவிட அதன் சக்தி இரண்டு மடங்கு.

பாக்ஸின் மேல் 300 வாட் என்று எழுதியிருப்பது இசை கோனுக்கும் ஹார்னுக்கும் இயல்பாகப் பிரிந்து போகும் என்ற கணக்கில். ஹார்னின் மெல்லிய காயில் தனியாகத் தாங்குவது அதில் ஒரு சிறு பங்குதான். சூடு வெளியேற நேரம் கிடைக்காமல் அது கருகியது.

சரி, இடப்பக்கம் மட்டும் ஏன் எரிந்தது? இதற்கான விடை எனக்கே வியப்பாக இருந்தது. ஆம்ப்கள் மேடையின் இடப்பக்கத்தில் இருந்தன. அங்கே கேபிள் 5 மீட்டர். வலப்பக்க டாப்களுக்கு மேடைக்குப் பின்னால் சுற்றி 30 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. போக வர 60 மீட்டர் செம்பு, சுமார் 0.69 ஓம். 8 ஓம் லோடுக்கு அது பெரிதில்லை. 2.67 ஓம் லோடுக்கு அது நான்கில் ஒரு பங்கு. வலப்பக்கப் பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்த வோல்டேஜ் 79 சதவீதம்தான், சக்திக் கணக்கில் 63 சதவீதம். 2 டெசிபல் கேபிளிலேயே சூடாகப் போனது. மெல்லிய கேபிள்தான் வலப்பக்க ஹார்ன்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதைப் பாதுகாப்பு முறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆம்ப்களைப் பக்கத்துக்கு ஒன்றாக, பாக்ஸுக்கு அருகில் வைத்து, நீளமாக ஓட வேண்டியது சிக்னல் கேபிளாக இருக்கும்படி செய்வதே சரி. பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் 30 மீட்டர் போனாலும் இழப்பு கணக்கில் வராது. முடியாதபோது 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் கம்பி.

மறுபடி கட்டியது

இந்த முறை ஆம்பிலிருந்து தொடங்கவில்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினேன். சராசரியாக 90 டெசிபல் என்று வைத்துக்கொண்டேன்.

இருக்கிற டாப் ஆம்ப் ஒரு பாக்ஸுக்கு 275 வாட் தருகிறது. சைன் அலைக்கு அந்த எண், அதன் உச்சம் 550 வாட். நேரடி இசையில் உச்சத்துக்கும் சராசரிக்கும் 12 டெசிபலாவது இடைவெளி இருக்கும். அதை வெட்டாமல் விட்டால் சராசரி 34 வாட்தான். 97 டெசிபல் பாக்ஸில் 34 வாட் போட்டால் 1 மீட்டரில் 112 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும், 40 மீட்டரில் 32 டெசிபல் போய்விடும். மிஞ்சுவது 80. பக்கத்தில் இருக்கிற இரண்டு டாப்களும் வேறு வேறு கோணத்தைப் பார்ப்பவை, அதனால் ஒரு திசைக்கு ஒன்றுதான் கணக்கு. இடமும் வலமும் சேர்ந்து 3 டெசிபல் கூடி, 83.

7 டெசிபல் குறைகிறது. அதை ஆம்பை வைத்து ஈடுகட்ட ஐந்து மடங்கு வாட் வேண்டும், பாக்ஸுக்குச் சுமார் 1,400. 300 வாட் பாக்ஸ் அதைத் தாங்காது. இரட்டை ஆம்ப் வாங்கினாலும் கிடைப்பது வெறும் 3 டெசிபல். "பெரிய ஆம்ப் வேணும்" என்ற பேச்சு இந்த இடத்தில் முடிந்துவிட்டது.

தூரத்தைக் குறைப்பதுதான் வழி. மேடையிலிருந்து 20 மீட்டரில், ஆம்ப் உள்ளேயே இருக்கிற பாக்ஸ் இரண்டை டாப்களுக்கு நிகரான திறனில் வைத்தேன். அங்கிருந்து கடைசி வரிசை 20 மீட்டர்தான். அந்த இரண்டும் அங்கே 89 டெசிபல் தரும், மேடையின் 83-உம் சேர்ந்தால் 90. ஒலி 20 மீட்டர் கடக்க சுமார் 58 மில்லிசெகண்ட் ஆகும், அதனால் அந்த பாக்ஸ்களுக்கு அதே அளவு டிலே (தாமதம்) போட்டு, மேலே 10 மில்லிசெகண்ட் சேர்த்தேன். அந்தப் பத்து முக்கியம். மேடையின் ஒலி முதலில் காதுக்கு வந்தால், அருகிலிருக்கும் பாக்ஸ் சத்தமாக இருந்தாலும் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே மனம் எடுத்துக்கொள்ளும்.

டாப்கள் பழைய ஆம்பில், சேனலுக்கு இரண்டு, 4 ஓம், அதோடு நிறுத்தம். மேடை ஓரப் பாக்ஸ்கள் இன்னொரு பழைய ஆம்புக்குப் போயின, சேனலுக்கு ஒன்று. லிங்க் சாக்கெட்டுகளில் டேப் ஒட்டிவிட்டேன். சப்புகளுக்குப் புதிதாக, 8 ஓமில் சேனலுக்கு 800 வாட் தருகிற ஆம்ப். 500 வாட் சப்புக்கு 800 வாட் ஆம்பா என்று கேட்பார்கள். லிமிட்டர் (சிக்னல் ஒரு எல்லையைத் தாண்டாமல் தடுப்பது) இல்லாமல் என்றால் நானும் வேண்டாம் என்பேன். ஸ்பீக்கரின் தொடர்ச் சக்தியைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை ஆம்பில் இருப்பது உச்சங்களை வெட்டாமல் விடுவதற்காக, எப்போதும் அவ்வளவு ஊட்டுவதற்காக அல்ல.

லிமிட்டரைக் காதால் வைக்கவில்லை, கணக்கிட்டேன். 8 ஓமில் 500 வாட் என்றால் 63.2 வோல்ட். ஆம்பின் கெயின் (வோல்டேஜைப் பெருக்கும் அளவு) 32 டெசிபல், அதாவது 40 மடங்கு. 63.2-ஐ 40-ஆல் வகுத்தால் 1.58 வோல்ட், அது பிளஸ் 6.2 டிபியு (சிக்னல் வோல்டேஜை டெசிபலில் சொல்லும் அளவு). ஆர்எம்எஸ் (சராசரி அளவைப் பார்க்கும்) லிமிட்டரை அங்கே வைத்தேன். டாப் ஆம்புக்குக் கிளிப் ஆகும் புள்ளிக்குக் கொஞ்சம் கீழே பீக் (உச்சத்தைப் பார்க்கும்) லிமிட்டர். டாப்புக்கும் சப்புக்கும் இடையே 100 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிக்கும் இடைவெளிக்கு) 24 டெசிபல் கிராஸ்ஓவர், சப்புக்குக் கீழே 35 ஹெர்ட்ஸில் ஹைபாஸ். துளை வைத்த சப் பெட்டியில், அதன் டியூனிங்குக்கு (துளை ஒத்திசையும் ஹெர்ட்ஸுக்கு) கீழே கோனைப் பிடித்து நிறுத்த காற்று அழுத்தம் இல்லை, சத்தம் வராமலேயே கோன் அளவுக்கு மீறித் துள்ளும்.

கடைசியாகப் போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ் திசை. எல்லாப் பாக்ஸையும் அதனதன் கேபிளோடு சேர்த்து பேட்டரியால் சோதித்தேன். பிறகு மைதானத்தில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, சப்பின் போலாரிட்டியை மாற்றி மாற்றிக் கேட்டு, எந்த நிலையில் கூடுதலாக ஒலித்ததோ அதை வைத்துக்கொண்டேன்.

அடுத்த நிகழ்ச்சி இரண்டே முக்கால் மணி நேரம். டாப் ஆம்பில் கிளிப் லைட் ஒருமுறை கூட எரியவில்லை. சப் ஆம்பைத் தொட்டுப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. மிக்சரில் கிக் டிரம் நெஞ்சில் பட்டது.

ஆனால் ஓரத்தில் போய் நின்றபோது சில இடங்களில் பாஸ் மெலிந்திருந்தது. கம்பி சரியாக இருந்தும்தான். 12 மீட்டர் இடைவெளியில் இரண்டு சப் இருந்தால் நடுக்கோட்டில் சேரும், பக்கவாட்டில் தூர வித்தியாசத்தால் ஆங்காங்கே அழியும். முதல் நிகழ்ச்சியில் நடந்ததன் மறுபக்கம் அது. அடுத்த முறை இரண்டு சப்பையும் மேடையின் முன் நடுவில் ஒட்டி வைத்துப் பார்க்கப் போகிறேன். மேடைக்காரர்கள் இடம் தர வேண்டும், பேசிக்கொண்டிருக்கிறேன்.